முதல் வருஷம் 38 வாங்கிய தம்பிக்கு

மதுரையிலிருந்து லெஸ்டருக்கு எல்.எல்.பி. படிக்க வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் வருஷ ரிசல்ட்டில் பப்ளிக் லா 51, கான்ட்ராக்ட் 43, டார்ட் (பிறருக்குச் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கிற சட்டம்) 38. இனி சொலிசிட்டர் (பெரும்பாலும் ஆபிஸிலிருந்து சட்ட வேலை பார்க்கும் வக்கீல்) ஆக முடியுமா, பேசாமல் பிசினஸ் படிப்புக்கு மாறிவிடலாமா, அப்புறம் லெஸ்டரில் ரூம் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

ரூம் எனக்குத் தெரியாது தம்பி, நான் லண்டனைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. படிப்பை மாற்றினால் விசாவில் கை வைத்த மாதிரி. யூனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் ஆபிஸைக் கேட்காமல் ஒரு ஃபார்மிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

இங்கே 40 வாங்கினால் பாஸ், 60ஐத் தொட்டால் டூ-ஒன் (மேல் இரண்டாம் வகுப்பு), 70ஐத் தொட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ். நம் வீட்டில் 62 என்றால் அம்மா முகம் தொங்கிப்போகும். இங்கே பெரிய வக்கீல் ஃபர்ம்கள் கேட்பதே அந்த டூ-ஒன்தான். பெரும்பாலான யூனிவர்சிட்டிகளில் முதல் வருஷ மார்க் டிகிரியின் இறுதிக் கிளாஸுக்குச் சேராது, பாஸானால் போதும். 38 வாங்கிய டார்ட்டை ரீசிட் (மறுதேர்வு) எழுதுங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அனேகமாக 40க்கு மேல் போட மாட்டார்கள், போகட்டும். பெரிய ஃபர்ம்கள் விண்ணப்பத்தில் முதல் வருஷத்தையும் சேர்த்துப் பாடவாரியாக மார்க் கேட்கும், அங்கே கொஞ்சம் இடிக்கும். ஆனால் 2021 செப்டம்பரில் எஸ்.கியூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்த பிறகு சொலிசிட்டர் ஆக அந்த வாசல் ஒன்றுதான் என்றில்லை. டிகிரியோ அதற்குச் சமமான தகுதியோ வேண்டும், என்ன கிளாஸ் என்று தேர்வு நடத்துகிறவர்கள் கேட்பதில்லை. முதல் கட்டத்தில் 360 கேள்விகள், இரண்டாவதில் எழுதியும் பேசியும் காட்ட வேண்டும். இரண்டு வருஷ வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். பாராலீகல் (வக்கீலுக்கு உதவியாளர்) வேலை, யூனிவர்சிட்டி லா கிளினிக்கில் இலவச ஆலோசனை கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டர் ஆசை இருந்தால் டிகிரியில் டூ-டூவாவது (கீழ் இரண்டாம் வகுப்பு) வேண்டும்.

நான் 2004ல் வந்தபோது இந்த வசதி ஏது? எல்.பி.சி. என்ற சொலிசிட்டர் பயிற்சி கோர்ஸுக்குக் காசைக் கொட்டிவிட்டு, ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் (ஃபர்மில் பயிற்சி வேலை) யாராவது கொடுப்பார்களா என்று தவம் கிடக்க வேண்டும். எனக்கும் முதல் வருஷம் கான்ட்ராக்ட் பாடத்தில் 42தான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேல் மூன்று பெண்கள் ஒரே ரூமில் இருந்தோம். விடைத்தாளைக் கட்டிலில் விரித்துப் பார்த்தால், பத்திக்குப் பத்தி ஓரத்தில் சிவப்பு மையில் ‘அதனால் என்ன?’ என்று எழுதியிருந்தது. தன் மருந்தைப் பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் பரிசுப் பணம் தருவதாக விளம்பரம் செய்த கம்பெனி மேல் போட்ட கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கை, 1893, நீதிபதிகள் பெயரோடு ஒன்றரைப் பக்கத்துக்கு ஒப்பித்திருந்தேன். ஊரில் அதற்குத்தானே மார்க்!

இங்கே திருத்துகிறவருக்கு அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். கேள்வியில் வருகிற, விளம்பரம் போட்ட கடைக்காரர் மாட்டிக்கொள்வாரா இல்லையா என்பதுதான் அவருக்கு வேண்டும். விளம்பரம் என்றால் பொதுவாகப் பேரத்துக்கு அழைப்பு, அவ்வளவுதான். அந்த வழக்கில் மட்டும் ஏன் அது வாக்குறுதி ஆனது? பரிசு கொடுக்க மனமிருக்கிறது என்று காட்ட 1,000 பவுண்டு பேங்கில் போட்டிருப்பதாகக் கம்பெனியே விளம்பரத்தில் சொன்னது. உங்கள் கடைக்காரர் அப்படி ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லை என்றால் வாதம் எந்தப் பக்கம் சாயும்? இதை நாலு வரியில் எழுதினால் மார்க் 60ஐ நெருங்கிவிடும். எனக்கு இது பிடிபட இரண்டாம் வருஷம் பாதி ஓடிவிட்டது. பிடிபட்ட பிறகு இறங்கவில்லை, டூ-ஒன்னில்தான் முடித்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. மார்க் குறைந்தது தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒருத்தன் வருவான். ‘எஸ்ஸே எழுதித் தருகிறோம், டூ-ஒன் கேரண்டி’ என்பான், தமிழிலேயே வேறு பேசுவான். இப்படி எழுதி விற்பது இங்கிலாந்தில் 2022லிருந்து குற்றம். வாங்கிய உங்கள் மேல் போலீஸ் கேஸ் வராது, யூனிவர்சிட்டி விசாரணை வரும். சொலிசிட்டராகப் பெயர் பதியும்போது, தேர்வில் ஏமாற்றி மாட்டியதுண்டா என்று சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. நடத்தையைப் பார்க்கும். மறைத்தால் அது இன்னும் பெரிய வினை. 38 வாங்கியவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன், இதில் மாட்டியவர்கள் வருஷக்கணக்கில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களையே 2025 ஜூனில் இங்கத்திய ஹைகோர்ட் கடுமையாக எச்சரித்தது.

அடுத்தது வேலை. ஸ்டூடண்ட் விசாவில் டேர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி கூடாது. ‘நம்ம பையன்தானே, இன்னும் ரெண்டு ஷிஃப்ட் பாரு, கையில கேஷா தரேன்’ என்று முதலில் கேட்பது நம் ஆள்தான். நான் நின்ற கடை முதலாளியும் அப்படித்தான். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் தருவார், மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பார். மாட்டினால் விசா போவது உங்களுக்கு. ‘நான் அந்தக் காலத்துல பண்ணலையா’ என்று பார்ட்டியில் உபதேசம் செய்கிற மாமாக்களையும் நம்பாதீர்கள். அவர்கள் வந்த காலத்துச் சட்டமே வேறு.

உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்று ஏதாவது நடந்திருந்தால் அதை யூனிவர்சிட்டியில் எழுத்தில் கொடுக்கத் தனி வழி உண்டு. ஆனால் கெடு குறுகியது, ரிசல்ட் வந்த பிறகு போய் அழுதால் பெரும்பாலும் எடுபடாது. மார்க்கே குறைவு என்று அப்பீல் போட முடியாது, திருத்தியவரின் மதிப்பீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

டார்ட் ரீசிட்டுக்கு முன்னால் பழைய கேள்வித்தாளில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி, ட்யூட்டர் மாணவர்களைப் பார்க்க ஒதுக்கும் ‘ஆபிஸ் அவர்’ நேரத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த நேரத்தில் அறை அனேகமாகக் காலியாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டுப் போவதில்லை, இந்த ஊர்ப் பிள்ளைகள் அதற்குள் தூங்கி எழுந்திருப்பதில்லை.