ரெசிடென்ட் கர்ப்பமாக இருக்கிறார்: அறுவை சிகிச்சை யூனிட் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் யூனிட்டில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் (பயிற்சி அறுவை மருத்துவர்) ஒருவர் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். "முடியலைன்னா சொல்லும்மா" என்று சொல்லியிருக்கிறேன். யூனிட் தலைவராக வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்பாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அவர் சொல்லமாட்டார். கால் மரத்துப்போனாலும் அடிவயிறு இறுகினாலும் ரிட்ராக்டரை (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியை) விடாமல் நிற்கத்தான் இந்தத் துறை அவரைப் பழக்கியிருக்கிறது. தான் வாய் திறந்தால் அந்த டூட்டி சக ரெசிடென்ட் தலையில் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்காமலே நடக்கும்படி ரோஸ்டரில் (டூட்டிப் பட்டியலில்) எழுதிவிடுங்கள்.

எதை எழுதுவது? 2021-ல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவில் 692 பெண் அறுவை மருத்துவர்களில் 42 சதவீதம் பேர் கரு இழப்பைச் சந்தித்திருந்தார்கள். கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. 2019-ல் வந்த டென்மார்க் ஆய்வு, ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் நைட் டூட்டி பார்த்தால் எட்டாம் வாரத்துக்குப் பிறகு கருச்சிதைவு வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தான், காரணத்தை உறுதி செய்பவை அல்ல. ஆனாலும் ரோஸ்டர் போட இந்த எண்கள் போதும். இன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நைட்டுக்கு மேல் வேண்டாம். 28-ஆம் வாரத்திலிருந்து நைட்டும் ஆன்-காலும் (கூப்பிட்டால் வரவேண்டிய டூட்டியும்) நிற்கட்டும், தியேட்டர் நேரம் வாரம் 12 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கர்ப்பகாலப் பரிசோதனை நாட்களையும் யாரும் நகர்த்தமுடியாத டூட்டி போல அதே தாளில் போடுங்கள்.

இங்கே இன்னொரு பக்கமும் தவறு நடக்கும். பாவம் என்று தியேட்டரிலிருந்தே ஒதுக்கிவிடுவார்கள், செய்த கேஸ்களைப் பதியும் லாக்புக் காலியாகும், பயிற்சி நீளும். அதைவிட, 28 வாரத்துக்கு முன்பே அவருக்குத் தேவையான முக்கிய கேஸ்களை அதிகமாகக் கொடுங்கள். பிறகு ஆறு மணி நேர கேஸில் மூன்றாவது உதவியாளராக நிற்கவைக்காமல், அவரே முதன்மையாகச் செய்யும் ஒரு மணி நேர கேஸ்களைக் கொடுங்கள். விடுபடும் நைட்டுகளுக்குக் கூடுதல் ஆள் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவது உங்கள் வேலை. ஆள் கிடைக்காவிட்டால், அந்த நைட்டுகளைச் சுமக்கிற சக ரெசிடென்ட்டுகளுக்கு ஈடாக விடுப்போ ஊதியமோ கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் கோபம் முழுக்க அவர் மீதுதான் திரும்பும்.

சீ-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) உள்ள கேஸ்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கர்ப்பத்தை அறிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதற்கும் சேர்த்து கருவுக்குப் போகும் கதிர் ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர் அளவின் அலகு) மேல் போகக்கூடாது என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. கதிரை அளக்கும் டோசிமீட்டர் பேட்ஜ் இரண்டு கொடுங்கள்: ஒன்று கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு வெளியே கழுத்தருகில், இன்னொன்று ஏப்ரனுக்கு உள்ளே இடுப்பில். கருவின் அளவைக் காட்டுவது உள்ளே இருப்பதுதான். அதன் ரீடிங்கை மாதாமாதம் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரன் உடம்பைச் சுற்றி வரும் வகையாக, முன்பக்கம் இரண்டு மடிப்பும் சேர்ந்து 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வயிறு பெரிதாகப் பெரிதாக முன்மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகும், பாதுகாப்பு பாதியாகும். ஐந்தாம் மாதத்திலேயே அடுத்த அளவு ஏப்ரன் வாங்குங்கள். மேல் கீழ் என இரண்டு துண்டாக இருந்தால் பாரம் தோளில் மட்டும் இறங்காது. மடித்துப் போட்ட ஏப்ரனில் விரிசல் விழும், ஹேங்கரில்தான் தொங்கவேண்டும். எக்ஸ்ரே குழாய் மேஜைக்குக் கீழே இருக்கட்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது அவர் குழாய்ப் பக்கம் நிற்காமல், எதிரே படத்தை வாங்கும் டிடெக்டர் பக்கம் நிற்கட்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். அதனால் எக்ஸ்ரே பெடல் அழுத்தும் முன் ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவர் இரண்டடி பின்வாங்கும் வரை காத்திருங்கள்.

சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் விடும் கேஸ்களில் அவர் வேண்டவே வேண்டாம். போன் சிமெண்ட்டை (செயற்கை மூட்டை எலும்பில் பொருத்தும் பசையை) மூடிய வேக்குவம் மிக்ஸரில் கலக்குங்கள், கலக்கும் நேரத்தில் அவர் வெளியே இருக்கலாம். குழந்தைகளுக்கு மாஸ்க் வழியாக மயக்கம் கொடுக்கும்போது வாயு அறையில் கசியும், குழந்தைக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகு அவர் உள்ளே வரட்டும். திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரியின் புகைக்கு உறிஞ்சி வைத்து, அதன் முனையைப் புகை எழும் இடத்திலிருந்து 5 செ.மீ.க்குள் பிடியுங்கள்.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்தினால், கர்ப்பம் என்பதற்காக எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது. சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கவேண்டும். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றல் அளவு 10-க்குக் கீழே இருந்தால் கர்ப்பத்திலேயே தடுப்பூசி போடலாம். ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் மட்டும் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்கவேண்டும். உங்கள் யூனிட்டில் மற்றவர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

மேஜையோரம் நிற்பதும் போகப்போகக் கடினமாகும். வயிறு மேஜையில் இடிப்பதால் கை எட்டாமல் முன்னால் குனிவார், முதுகு பிடித்துக்கொள்ளும். மேஜையை அவர் உயரத்துக்கு இறக்குங்கள், உட்கார்ந்து செய்யக்கூடிய கேஸுக்கு ஸ்டூல் போடுங்கள். 20–30 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள காலுறையைக் காலையில் கால் வீங்கும் முன்பே மாட்டவேண்டும். கொட்டாவி, வியர்வை, காது அடைப்பு வந்தால் மயக்கம் வரப்போகிறது. அந்த நேரத்தில் யார் கருவியை வாங்குவது என்பதை கேஸ் தொடங்கும் முன்பே முடிவுசெய்து வையுங்கள். ரத்தக்கசிவு, விட்டு விட்டு வரும் இறுக்கம், குழந்தை அசைவு குறைதல், தலைவலியோடு கண் மங்கல், பிபி 140/90 அல்லது அதற்கு மேல்: இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முடியும் வரை காத்திராமல் அவர் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டும்.

கரு கலைந்துபோனால், காரணம் எழுதாமல் விடுப்பு எடுக்க வழி இருக்கட்டும். யூனிட்டில் யாருக்குச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பிரசவம் முடிந்து திரும்பும்போது முதல் இரண்டு வாரம் ஆன்-கால் இல்லாமல், சீனியர் ஒருவர் கூடவே ஸ்க்ரப் ஆகி (கை கழுவி, கவுன் போட்டு) நிற்கட்டும். பால் எடுக்க 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை 15–20 நிமிடம் வேண்டும். அதைத் தியேட்டர் லிஸ்டிலேயே இரண்டு கேஸுக்கு நடுவே எழுதுங்கள். அறை தியேட்டர் இருக்கும் தளத்திலேயே இருக்கவேண்டும்; உள்தாழ்ப்பாள், பிளக், வாஷ்பேசின், ஃபிரிட்ஜ் போதும். கழிப்பறையைக் காட்டாதீர்கள். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் ஃபிரிட்ஜில் 4 நாளும் தாங்கும். இடைவெளி தவறினால் மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சலோடு மார்பழற்சி வரலாம், நாளடைவில் பாலும் குறையும். உள்ளாடைக்குள் வைக்கும் பம்ப் நீண்ட கேஸுக்கு உதவும், ஆனால் ஸ்க்ரப் ஆனபின் அவர் அதைத் தொடமுடியாது, கிண்ணமும் சிறியது. அதைக் காட்டி இடைவெளியைப் பறிக்கக்கூடாது.

யூனிட்டில் ஆண் ரெசிடென்ட் அப்பாவானால் அவரையும் விடுப்பு எடுக்கவையுங்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். பெண்கள் மட்டுமே விடுப்பு கேட்கும் நிலை தொடர்ந்தால், அடுத்த தேர்வில் பெண்ணை எடுக்கத் தயங்குகிறவர்கள் யூனிட்டிலேயே இருப்பார்கள்.