எஸ்எஸ்டி போட்டும் விண்டோஸ் நிறுவும்போது டிரைவ் ஏன் காட்டவில்லை?

செகண்ட் ஹேண்ட் லெப்டொப்பில் எம்.2 எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் சிறு பலகை) போட்டீர்கள், விண்டோஸ் நிறுவும்போது டிரைவே காட்டவில்லை, பழுதா என்று கேட்கிறீர்கள். அவசரப்பட்டு பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். அதைச் செருகிய ஸ்லாட்டுக்கு எந்த பஸ் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பஸ் என்றால் பாகங்களுக்கிடையே தரவு ஓடும் பாதை. றம்புக்கனைக்கு மேலே நம் மலையக ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ரயில் வந்தால் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். 1992இல் வந்த பிசிஐ என்ற பஸ் அப்படித்தான், எல்லாக் கார்டுக்கும் ஒரே பாதை. அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை.

எம்.2 என்பது வெறும் வடிவம்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் பயன்படும் சாட்டா ஓடலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே எஸ்எஸ்டிக்கென்றே செய்த என்விஎம்இ முறையும் ஓடலாம். ஹட்டனில் ஒரு தம்பி கொண்டுவந்த எஸ்எஸ்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: தங்கநிறத் தொடுமுனை (pin) வரிசையில் இரண்டு வெட்டு. அது சாட்டா, அவருடைய ஸ்லாட்டோ என்விஎம்இ மட்டும். அச்சாகப் போய் உட்கார்ந்தது, ஆனால் பயாஸுக்கே (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தெரியவில்லை. ஒரே வெட்டென்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனாலும் லேபலை வாசித்து உறுதிசெய்யுங்கள்.

சரி, பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லையா? 11ஆம் தலைமுறை இன்டெல் புரொசஸர் அல்லது அதற்குப் பிந்தியது என்றால் விஎம்டி (என்விஎம்இ டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) காரணமாக இருக்கலாம். அதன் டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள்.