புதுசா மாட்டின வீணைக் கம்பி மேல் மெட்டுல (விரலால கம்பியை அழுத்தற உலோகக் கட்டைல) அபஸ்வரமா பேசுது, கம்பியே டிஃபெக்டா இருக்குமா?

இருக்கலாம், ஆனா கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கோளாறு வீணையிலயா கம்பியிலயான்னு பிரிச்சுப் பார்த்துடுங்க. இல்லன்னா "நீங்க மாட்டினது சரியில்லம்மா"ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிடுவாங்க, எனக்கும் அந்தப் பதில்தான் கிடைச்சுது.

புதுக் கம்பி மொத ரெண்டு மூணு நாள் சுருதி இறங்கிட்டேதான் இருக்கும், அது இழுபட்டு செட் ஆகறது, டிஃபெக்ட் இல்ல. சுருதி நின்னதுக்கு அப்புறம் 12வது மெட்டுக்கு நேரா விரலை லேசா தொட்டு மீட்டுங்க, வெறும் கம்பியோட ஸ்வரமே ஒரு ஸ்தாயி மேல கேக்கும். அப்புறம் அதே மெட்டுல அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அழுத்தறதால ஒரு மயிரிழை ஏறும், அதை விட்டுடலாம். ஒரே மெட்டு மட்டும் வாசிக்கற நாலு கம்பியிலயும் தப்பா பேசுச்சுன்னா, மெட்டைப் பிடிச்சிருக்கற மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கு, கம்பியைத் திட்டாதீங்க. மத்த மூணும் சரியா இருந்து ஒரே கம்பி மட்டும் மேல போகப் போக விலகுதுன்னா கம்பிதான், அதோட கனம் ஒரே சீரா இல்ல, ஒரு பக்கம் தடிச்சிருக்கும்.

இதுக்கு ஒரு நல்ல டெஸ்ட் இருக்கு, சாரணி, பஞ்சமம் (நாலு கம்பில மொத ரெண்டு) மாதிரி வெறும் ஸ்டீல் கம்பின்னா கழட்டி தலைகீழா மாட்டுங்க (அதனாலதான் மிச்சத்தை உடனே வெட்டக்கூடாதுன்னு சொல்றது). முன்னாடி ஏறிப் பேசினது இப்போ இறங்கிப் பேசுச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

அனுமந்தரத்துக்கு (நாலுல ரொம்ப கீழ் சுருதிக் கம்பி) சுத்துக் கம்பி, அதாவது கம்பி மேல இன்னொரு மெல்லிசு கம்பி சுத்தினது, போட்டிருந்தா நகத்தால நீளத்துக்கும் தடவிப் பாருங்க, சுத்து விட்டிருந்தா அந்த இடத்துல நகம் இடறும், மீட்டினா கரகரன்னும் இல்ல மொத்துன்னும் கேக்கும். ஆனா வளைக்காம நேரா வெட்டினாலும் சில கம்பில சுத்து லூஸாகிடும், அதனால மொதல்ல வளைச்சுட்டு அப்புறம் வெட்டுங்க.

அறுந்து போற கேஸ்ல எங்க அறுந்துதுன்னு பாருங்க. ஒவ்வொரு தடவையும் மேரு (பிரடை பக்கம் கம்பி உக்காந்து போற கட்டை) கிட்டயே போனா அங்க ஏதோ கூரா இருக்கு. நட்ட நடுவுல, மடங்கின தடமோ துருவோ இல்லாம போச்சுன்னா கம்பியைத்தான் சந்தேகப்படணும். 2 கட்டை சுருதிக்கான கம்பியை 3 கட்டை சுருதிக்கு ஏத்தினா இழுவிசை கால் பங்குக்கு மேல கூடிடும், அதுல அறுந்தா பாவம் கம்பி என்ன பண்ணும்.

மாத்தக் கேக்கும்போது கவர், அறுந்த துண்டு, அந்த 12வது மெட்டு சத்தத்தோட ஒரு சின்ன வீடியோ எல்லாம் கொண்டு போங்க, எனக்கு ரெண்டாவது தடவை பேசாம மாத்திக் கொடுத்தாங்க. மாத்தலன்னாலும் தூக்கிப் போடாதீங்க, கோளாறு லேசா இருந்து சைஸும் ஒத்து வந்தா தாளக் கம்பிக்கு (பக்கத்துல தாளத்துக்கு மீட்டற கம்பி) ஆகும், அங்க மெட்டுல அழுத்தற வேலையே இல்லையே.