ஆபீஸும் குடோனும் ஒரே இடத்தில்: பெரிய ஷெட்டா, வளரக்கூடிய ஷெட்டா?

கேள்வி: சென்னையில் எவர்சில்வர், நான்ஸ்டிக் பாத்திரங்களைக் கடைகளுக்கும் ஆன்லைனிலும் விற்கிறோம். ஆபீஸ் அண்ணா நகரில், குடோன் மாதவரத்தில். இரண்டையும் ஒரே இடத்துக்கு மாற்ற நினைக்கிறோம். வழக்கமாக 110 பேலட் (சரக்கை அடுக்கி வைக்கும் பலகைத் தட்டு) சரக்கு இருக்கும். தீபாவளிக்கு முன் 180 வரை ஏறும். ஆபீஸில் 8 பேர், பேக்கிங்கில் 6 பேர். செங்குன்றம் பக்கம் 9,000 சதுர அடி ஷெட், சதுர அடி 20 ரூபாய், 3 வருட லாக்-இன் (அதற்கு முன் காலி செய்ய முடியாது). அம்பத்தூரில் 4,000 சதுர அடி, 32 ரூபாய். ஒட்டியே அதே உரிமையாளருக்கு இன்னொரு ஷெட் உண்டு. வியாபாரம் வளர்வதால் பெரியதையே எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சதுர அடிக் கணக்கில் செங்குன்றம் மலிவுதான். ஆனால் மாதம் நீங்கள் கட்டப்போவது அங்கே 1,80,000, அம்பத்தூரில் 1,28,000. காலியாகக் கிடக்கப்போகும் இடத்துக்காக மாதம் 52,000 ரூபாய் கூடுதலாகப் போகும், அதுவும் 3 வருடத்துக்கு. அந்தப் பணம் சரக்கில் இருந்தால் அதுதான் வளர்ச்சி.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் பார்ப்போம். ஒரு பேலட் 1.2 மீட்டருக்கு 1 மீட்டர், சுமார் 13 சதுர அடி. 180 பேலட்டையும் தரையிலேயே பரப்பினால் பேலட்டுக்கு மட்டும் 2,340 சதுர அடி. நடைபாதையும் சேர்த்தால் 5,000 வரை போய்விடும். அதையே ரேக் போட்டு மூன்று அடுக்காக வைத்தால் பாதையோடு சேர்த்து 2,000 போதும். சரக்கு இறக்கி ஏற்ற 700, பேக்கிங்குக்கு 500, திரும்பி வரும் பொருட்களுக்கு 200, ஆபீஸுக்கு 500. மொத்தம் 3,900. அதாவது தீபாவளி உச்சத்திலும் 4,000 சதுர அடி உங்களைத் தாங்கும். திரும்பி வரும் சரக்குக்கான அந்த 200 அடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் விற்பவர்கள் பலர் அதை மறந்துவிட்டு, உடைந்த பெட்டிகளைப் பேக்கிங் மேஜைக்கு அடியில் குவித்து வைத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கு நிற்பது உயரத்தை வைத்துத்தான். பேலட் சரக்கோடு 1.5 மீட்டர் என்றால், மூன்று அடுக்கின் உச்சி ஏறக்குறைய 5 மீட்டர். தரையிலிருந்து கூரைச் சட்டத்தின் அடிவரை 18 அடியாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். புரோக்கர் சொல்லும் உயரம் பெரும்பாலும் கூரையின் நடு உச்சி. நீங்கள் டேப் எடுத்துப் போய், பக்கச் சுவரோரம் அளந்து பாருங்கள். 14 அடிதான் இருக்கிறது என்றால் மூன்றாவது அடுக்கு போச்சு, 4,000 பற்றாது.

சரி, வளர்ந்தால் என்ன செய்வது? அதற்கான வழி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "பக்கத்து ஷெட் உங்களுக்குத்தான் சார்" என்று உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. அந்த ஷெட் காலியானால் முதலில் உங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும், பதில் சொல்ல 30 நாள் அவகாசம், வாடகை இதே விகிதத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள். லாக்-இன் ஒரு வருடத்துக்கு மேல் உங்களைக் கட்டக் கூடாது. ஆனால் உரிமையாளர் உங்களை 3 வருடமாவது காலி செய்யச் சொல்லக் கூடாது. ரேக்குக்கும் ஆபீஸ் வேலைக்கும் செலவு செய்வது நீங்கள் என்பதால், இருவருக்கும் ஒரே லாக்-இன் என்பது உங்களுக்கு நியாயமான பேரம் இல்லை. காலி செய்யும்போது ரேக்கையும் ஏசியையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

இங்கே 11 மாத அக்ரிமென்ட் பழக்கம் குறுக்கே வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம். ஆனால் 11 மாதத் தாளில் 3 வருட வாக்குறுதியை எழுதி வைத்தால் பிரச்சினை வரும்போது அது கைகொடுக்காது. செலவானாலும் பதிவு செய்யுங்கள்.

தீபாவளிக்குக் கூடும் அந்த 70 பேலட் அடுத்த வருடம் 120 ஆனால்கூட உடனே பக்கத்து ஷெட்டை எடுக்க வேண்டியதில்லை. பேலட் கணக்கில் மாத வாடகைக்கு இடம் தரும் குடோன்கள் உண்டு. மெதுவாக நகரும் சரக்கை மூன்று மாதம் அங்கே வையுங்கள். வழக்கமான மாதத்திலேயே 150 பேலட்டைத் தாண்ட ஆரம்பித்தால், அப்போது பக்கத்து ஷெட்டைக் கேளுங்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது வண்டிகளை மனதில் வைத்துப் பாருங்கள். சரக்கு 32 அடி கன்டெய்னர் லாரியில் வரும், போவது குட்டி யானையில் (டாடா ஏஸ்). சரக்கு ஏற்றி இறக்கும் 4 அடி உயரத் தளம் லாரிக்குச் சரியாக இருக்கும். டாடா ஏஸின் தட்டு அதைவிடத் தாழ்வு. பெட்டிகளைக் குனிந்து குனிந்து இறக்கி உங்கள் ஆட்களின் முதுகு போய்விடும். ஒரு பக்கம் தளம், இன்னொரு பக்கம் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். லாரி ரிவர்ஸ் எடுக்க ரோட்டை மறிக்க வேண்டியிருந்தால் தினமும் சண்டைதான்.

தண்ணீர் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நீர் புகுந்து எத்தனையோ சிறு நிறுவனங்கள் தவித்தன. செங்குன்றம் பக்கமும் புழல் ஏரியின் உபரி நீர் போகும் கால்வாய் எங்கே என்று பார்க்க வேண்டும். புது பெயின்ட் அடித்த சுவர் எதையும் சொல்லாது. ஷட்டரின் அடிப்பக்கத் துருவையும் பக்கத்து ஷெட்டின் வெளிச்சுவரையும் பாருங்கள், எதிர் டீக்கடையில் கேளுங்கள். சரக்குக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி எடுக்கலாம். ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரையான சொத்துக்கு உண்டு, வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் பாலிசியில் புது முகவரி இருக்க வேண்டும்.

ஆபீஸ் பகுதிக்கு நேர் மேலே தகரக் கூரை என்றால், மே மாதம் யாரும் உட்கார முடியாது. இன்சுலேஷன் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். மின் இணைப்பு எந்தக் கட்டண வகை என்பதும் முக்கியம்: முன்பு தொழிற்சாலை இருந்த இடம் என்றால் தொழிற்சாலைக் கட்டணத்தில் இருக்கலாம். அதில் குடோனும் ஆபீஸும் நடத்தினால் மின்வாரியம் அபராதம் போடும். வணிக இணைப்பாக மாற்றுவது யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றாலும் 2024 அக்டோபர் 10 முதல் அதை வாடகைதாரரே ரிவர்ஸ் சார்ஜில், அதாவது நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது மாதம் 23,040. கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் (விற்பனைக்குக் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்), ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்தப் பணப்புழக்கத்துக்குத் தயாராக இருங்கள். புது இடத்தை ஜிஎஸ்டி பதிவில் சேர்த்து ஒப்புதல் வந்த பிறகே சரக்கை ஏற்றுங்கள். மாதவரத்திலிருந்து உங்கள் சொந்தச் சரக்கையே கொண்டுபோனாலும், ஒரு லோடு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி ஆன்லைன் ஆவணம்) வேண்டும்.

ஊழியர்களுக்கும் அம்பத்தூர்தான் வசதி. பட்டரவாக்கம் ரயில் நிலையம் தொழிற்பேட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. பேக்கிங் பழகிய ஆறு பேரில் இரண்டு பேர் தூரத்தால் நின்றுவிட்டாலே ஒரு சீசன் போய்விடும்.

ஆக, 18 அடி உயரம் இருந்து, பக்கத்து ஷெட் பற்றிய வரியைப் பதிவு செய்யும் பத்திரத்தில் எழுத உரிமையாளர் சம்மதித்தால் அம்பத்தூரை எடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் செங்குன்றத்துக்கு ஓட வேண்டாம், மூன்றாவது இடம் தேடுங்கள். மாற்றுவதைப் பொங்கல் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சரக்கு குறைவாக இருக்கும், தீபாவளி ரிட்டர்னும் முடிந்திருக்கும்.