எம்.பி.ஏ.வுக்கு முன் ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா?

வணக்கம். ஆங்கில வேலை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய ‘எ எம்.பி.ஏ.’ (a MBA), ‘ஆன் யுனிவர்சிட்டி’ (an university) ஆகிய இரண்டையும் நண்பர் ஏன் திருத்தினார் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள். ஆங்கிலமோ அடுத்த சொல்லின் முதல் ஒலியையே பார்க்கிறது. எம்.பி.ஏ.வின் ஆங்கில முதலெழுத்தான M மெய்யானாலும், அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லும்போது ‘எம்’ என்று உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’ பெறுகிறது. அதையே விரித்து ‘மாஸ்டர்’ என்று எழுதினால் ‘எ’ தான் வரும். யுனிவர்சிட்டியோ, ஆங்கிலத்தில் U என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் யகரமாக ஒலிப்பதால் ‘எ’ பெறுகிறது. (தமிழில் ‘ஓர் ஊர்’ என்று எழுதுபவரும் ‘ஒரு யானை’ என்றுதானே எழுதுகிறார்!) இடையில் அடைமொழி வந்தால் அதன் ஒலியே கணக்கு என்பதால், ‘ஆன் ஓல்ட் யுனிவர்சிட்டி’ என்பது சரியே.