எந்த ஸ்னோ புளோவரை நம்பி வாங்கலாம்?

கேள்வி: அண்ணை, கனடாவிலை மார்க்கம் நகரத்திலை எங்கடை டிரைவ்வே ரெண்டு கார் அகலம். இவருக்கு நாரிப்பிடிப்பு, ஷவல் பிடிக்கேலாது. எந்த ஸ்னோ புளோவர் (ஸ்னோவை அள்ளி எறியிற மெசின்) நல்லம்?

பதில்: தங்கச்சி, கொட்டுற ஸ்னோவைப் பாத்து வாங்காதேங்கோ, சிட்டி வண்டி றோட்டை வழிச்சுக்கொண்டு போகேக்கை உங்கடை வாசல்லை தள்ளிவிட்டுப் போற ஈரக்கட்டி இருக்கே, அதைத் தூக்கி எறியுமோ எண்டு பாருங்கோ. சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே சுழலியே அள்ளி எறியிறது) ஆறேழு இஞ்சி பஞ்சு ஸ்னோவுக்குக் காணும், அந்தக் கட்டிக்கு 24 இஞ்சி அகல டூ ஸ்டேஜ் (சுழலி அள்ள, பின்னாலை இருக்கிற விசிறி எறியிறது) தான் சரி, தானா உருண்டு போறதாப் பாத்து எடுத்தா நாரிக்கும் சுகம். ஷியர் பின் (சுழலியைத் தண்டோடை பூட்டுற சின்ன ஆணி) ரெண்டு மூண்டு கூட வாங்கி வையுங்கோ, ஐஸ்கட்டி சிக்கினா அது உடைஞ்சுதான் கியர்பாக்ஸைக் காப்பாத்தும். ஏப்ரல்ல ஸ்னோ முடிய மெசினிலை மிஞ்சின பெற்றோலை வடிச்சிடுங்கோ. நான் ஒருக்கா மறந்து, பழைய பெற்றோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைச்சு, முதல் ஸ்னோ அண்டைக்கு கயிறு இழுத்து இழுத்து தோள்மூட்டுப் போச்சு! ஸ்னோ பாயிற குழாய் அடைச்சா இஞ்சினை நிப்பாட்டினாலும் கையை உள்ளுக்கை விடாதேங்கோ, தடியாலை குத்துங்கோ.