எம்ஜிபி காரில் இரட்டை எஸ்.யூ. காபரேட்டரைக் கழற்றிவிட்டு ஒற்றை வெபர் போடலாமா?

உங்கள் எம்ஜிபி (பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) ஐடிலில் நடுங்குகிறது, பெற்றோல் மணக்கிறது, மாதம் ஒருமுறை ட்யூனிங் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு கல்லடியில் 1967 எம்ஜிபி ஒன்றைப் பதினொரு வருடமாக ஓடுகிறேன். என் பதில்: கழற்றாதீர்கள். எஸ்.யூ. என்பது காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டர். ஒழுங்காகப் பூட்டினால் அது மாதாமாதம் மாறாது. மாறினால் பிழை வேறெங்கோ இருக்கிறது.

இது விளங்க எனக்கு இரண்டு வருடம் போனது. கராச் ஒன்றில் கழுவிப் பூட்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பெனரோடு குனிந்து நின்றேன். கடைசியில் அப்பாவின் கூட்டாளி, பழைய மெக்கானிக், களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்து பார்த்தார். ஸ்பெனரையே கேட்கவில்லை. எயார் ஃபில்டரைக் கழற்றி, முன் காபரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளே ஏறி இறங்கும் அதன் பிஸ்டனைத் தூக்கி விட்டார். ‘டொக்’ என்று விழுந்தது. பின்னதைத் தூக்கி விட்டார். சத்தமே இல்லை, உரசிக்கொண்டு மெல்ல இறங்கியது.

“மனே, இந்த மூடியும் பிஸ்டனும் தாலி கட்டின சோடி. ஆரோ மாத்திப் பூட்டிட்டாங்க.”

எஸ்.யூ.வில் பிஸ்டனுக்கும் மேல் மூடிக்கும் இடையில் வாஷரோ ரிங்கோ கிடையாது, மயிரிழை இடைவெளி மட்டும்தான். அதனால் இரண்டையும் சோடியாகவே பொருத்தி அனுப்புவார்கள். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்றபடி பிஸ்டன் எழும்பும். அதில் தொங்கும் ஊசி, பெற்றோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து மேலே வர, பெற்றோல் கூடும். ஒரு பிஸ்டன் சிக்கினால் இரண்டு சிலிண்டருக்குக் கலவை பிழைத்துவிடும். கலவையைக் கூட்டிக் குறைக்கும் நட்டைத் திருப்பித் திருப்பி நான் மூடி மறைத்தது அதைத்தான். இரண்டு மூடியையும் மாற்றிப் பூட்டினார், இரண்டு பிஸ்டனும் ‘டொக்’.

ஆகவே காபரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் டெப்பட், பொயின்ட், பிளக், டைமிங். பிறகு காபரேட்டரின் காற்று மூடியைத் திருப்பும் திறொட்டில் தண்டின் இரு முனையிலும் துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஐடில் மாறினால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து காற்று இழுக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

அதன் பிறகுதான் சமப்படுத்தல். இரண்டையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு துண்டு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் காபரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் ‘ஸ்ஸ்’ சத்தமும் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்குரூவைத் திருப்புங்கள். கலவைக்கு, எச்.எஸ்.4 வகை எஸ்.யூ. என்றால் ஜெட் நட்டை முழுதாக மேலே ஏற்றி, அதிலிருந்து ஆறு பக்க நட்டின் 12 முகம், அதாவது இரண்டு சுற்று, இறக்கித் தொடங்குங்கள். எஞ்சின் சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், விழுந்தால் குறைவு, சற்றே கூடி அடங்கினால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும். பிஸ்டன் சட்டென எழும்பாமல் தடுக்கும் டெம்பருக்கு 20ஆம் நம்பர் எண்ணெய். தையல் மெசின் எண்ணெய் விட்டால் மிதிக்கும்போது வண்டி திக்கும்.

வெபர் கெட்ட சாமான் இல்லை. உங்கள் 1798 சிசி எஞ்சினின் ஹெட்டில் காற்று போகும் வாசல் இரண்டே இரண்டு. இரட்டைக் குழல் வெபரான டிசிஓஇ ஒன்றின் இரு குழலும் அதற்குப் பொருந்தும், உயர்ந்த ஆர்பிஎம்மில் நன்றாகவே இழுக்கும். ஆனால் மெயின் ஜெட், எயார் ஜெட், ஐடில் ஜெட், எமல்ஷன் ரியூப் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். மட்டக்களப்பில் அவற்றை வாங்க எனக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. காத்தான்குடி, கல்முனை என்று மாட்டுக்கும் முச்சக்கரவண்டிக்கும் வழிவிட்டு ஓடும் ஏ4 வீதியில் அந்த ஆர்பிஎம்மைத் தொடவும் முடியாது.

பெற்றோல் மணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடுவதற்கு முந்திய மாதங்களில், என் கார் சும்மா நின்றது. பெற்றோல் பிசினாகி, காபரேட்டரின் பெற்றோல் கிண்ணத்துக்கு வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது கிண்ணம் நிரம்பி வழிந்தது. இந்த எஞ்சினில் காபரேட்டருக்குக் கீழேயே எக்ஸோஸ்ட். வழியும் பெற்றோலை வெளியேற்றும் குழாய் அதற்கு விலகி, கீழே வரை நீண்டிருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.